லெ ஃபானுவின் ‘இன் எ கிளாஸ் டார்க்லி’: ஐந்து திகில் கதைகளின் நிறையும் குறையும் (கேள்வி பதில்)

இது எப்படிப்பட்ட புத்தகம்?

அயர்லாந்து எழுத்தாளர் ஷெரிடன் லெ ஃபானு (1814–1873), இறப்பதற்கு முந்தைய ஆண்டில், அதாவது 1872இல், மூன்று பாகங்களாக வெளியிட்ட திகில் தொகுப்பு. ‘கிரீன் டீ’, ‘தி ஃபெமிலியர்’, ‘மிஸ்டர் ஜஸ்டிஸ் ஹார்பாட்டில்’, ‘தி ரூம் இன் தி டிராகன் வோலன்ட்’, ‘கார்மில்லா’ என ஐந்து கதைகள். மார்ட்டின் ஹெசீலியஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர் சேர்த்துவைத்துவிட்டுப் போன நோயாளிக் குறிப்புகளை, அவர் காலத்துக்குப் பிறகு அவருடைய உதவியாளர் தூசி தட்டி எடுத்து நமக்குத் தருவதாக ஒரு பாவனை. பேய்க்கதையை மருத்துவக் கோப்பு போலச் சொல்வது இன்று பழகிப்போன உத்தி. அன்று அது புதிது.

தலைப்புக்கு என்ன பொருள்?

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 13ஆம் அதிகாரத்தில் வரும் வரியிலிருந்து எடுத்தது. இப்போது நாம் காண்பது தெளிவில்லாத காட்சி, பிறகுதான் முகத்துக்கு முகம் காண்போம் என்பது அதன் கருத்து. அங்கே ஆங்கில பைபிள் கண்ணாடி ‘வழியாக’ என்கிறது. லெ ஃபானு அதைக் கண்ணாடி‘யில்’ என்று மாற்றினார். வேடிக்கை என்னவென்றால், தமிழ் வேதாகமம் ‘கண்ணாடியிலே நிழலாட்டமாய்’ என்றே சொல்கிறது. லெ ஃபானு மெனக்கெட்டுச் செய்த மாற்றம் தமிழில் ஏற்கெனவே இருக்கிறது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் அந்தப் பக்கம் இருப்பது தெரியும். கண்ணாடியில் பார்த்தால் தெரிவது சொந்த முகம். இந்தப் புத்தகத்தின் பேய்கள் இரண்டாவது வகை.

ஐந்தும் குறுநாவல்கள்தானா?

கறாராகச் சொன்னால் இல்லை. ‘கார்மில்லா’ ஒன்றுதான் அளவிலும் கட்டுக்கோப்பிலும் முழுமையான குறுநாவல். முதல் மூன்றும் நீண்ட சிறுகதைகள். ‘டிராகன் வோலன்ட்’ வளர்ந்து வளர்ந்து கிட்டத்தட்ட நாவலாகிவிட்டது. முதல் மூன்றையும் ஒரே மூச்சில் முடித்துப் பழகிய வாசகர் நான்காவதில் இறங்கும்போது, எப்போது கரையேறுவோம் என்று பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்.

முடிவுகளைச் சொல்லிவிடுவீர்களா?

சிலவற்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கார்மில்லா யார் என்பது ஊரறிந்த ரகசியம். ‘கிரீன் டீ’யின் முடிவைப் பேசாமல் அந்தக் கதையைப் பற்றி உருப்படியாக எதுவும் பேச முடியாது. ‘டிராகன் வோலன்ட்’டில் யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்பதை மட்டும் சொல்லமாட்டேன். அந்தக் கதைக்கு இருக்கும் சொத்தில் பாதி அதுதான்.

தொகுப்பின் பெரிய பலம் எது?

பயமுறுத்தும் பொருளைச் சிறியதாகவே வைத்திருப்பது.

‘கிரீன் டீ’யில் ஜென்னிங்ஸ் என்றொரு பாதிரியார். பழங்கால மதங்களைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறார். இரவில் கண்விழிக்க முதலில் சாதாரணத் தேநீர், பிறகு கிரீன் டீ. ஒரு மாலை, குதிரை இழுக்கும் ஆம்னிபஸ்ஸில் வீடு திரும்புகிறார். வண்டியில் அவரைத் தவிர யாரும் இல்லை. எதிர் மூலை இருட்டில் செந்நிறமாக இரண்டு ஒளிப்புள்ளிகள் தெரிகின்றன. படகு விளையாட்டுக்காரர்கள் சட்டையில் தைத்துக்கொள்ளும் சின்னப் பித்தளைப் பொத்தான்களின் அளவு இருக்கும் என்று அவரே கணக்குச் சொல்கிறார். பேயைப் பார்க்கிற மனிதன் பொத்தான் அளவைப் பற்றி யோசிக்கிறான். அந்த ஒரு உவமையில்தான் நான் இந்தக் கதையை நம்பத் தொடங்கினேன். புள்ளிகள் தாழ்கின்றன, மறுபடி உயர்கின்றன. கூர்ந்து பார்த்தால் சிறிய கருங்குரங்கு. குடையை நீட்டிக் குத்திப் பார்க்கிறார். எந்தத் தடையும் இல்லாமல் குடை அதற்குள் புகுந்து போகிறது.

அதன் பிறகு குரங்கு அவரோடு குடித்தனம் நடத்துகிறது. கடிப்பதில்லை, பிறாண்டுவதில்லை. தேவாலயத்தில் சபையாருக்கு வாசிக்க அவர் புத்தகத்தை விரிக்கும்போது, விரித்த பக்கத்தின் மேல் வந்து குந்திக்கொள்கிறது. அவ்வளவுதான். எழுத்து மறைந்துபோகிறது. கீழே நூறு பேர் காத்திருக்கிறார்கள், பாதிரியாரால் ஒரு வரி படிக்க முடியவில்லை. காரணத்தை யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. ஒரு மனிதனின் தொழில், மானம், நம்பிக்கை மூன்றையும் ஒரு சின்ன விலங்கு உட்கார்ந்தே கெடுத்துவிடுகிறது. ரத்தம் சிந்தவில்லை, கதவு படபடக்கவில்லை. குரங்கு பேசத் தொடங்குவது அதற்குப் பிறகுதான். அப்போதும் அது பேசியதை லெ ஃபானு நமக்கு முழுதாகக் கேட்கவிடுவதில்லை.

டாக்டர் ஹெசீலியஸ் எப்படிப்பட்டவர்? அவர் சொல்லும் விளக்கங்களை நம்பலாமா?

பலரும் இவரைப் பேய் பிடிக்கும் மருத்துவர்களின் முன்னோடி என்று பெருமையாகச் சொல்வார்கள். கதையை நிதானமாகப் படித்தால் வேறு ஒரு மனிதர் தெரிகிறார்.

குரங்கு திரும்பி வந்தால் எந்த நேரமானாலும் எனக்குச் சொல்லியனுப்புங்கள் என்று ஜென்னிங்ஸிடம் உறுதி கொடுத்துவிட்டுப் போகிறார் ஹெசீலியஸ். போனவர், தொந்தரவில்லாமல் யோசிக்க வேண்டும் என்பதற்காக, வீட்டில் விலாசம் சொல்லாமல் ஊருக்கு வெளியே ஒரு விடுதியில் தங்கிவிடுகிறார். அன்றிரவே குரங்கு வருகிறது, ஜென்னிங்ஸின் கடிதமும் வருகிறது. டாக்டர் வீடு திரும்பிக் கடிதத்தைப் படித்துவிட்டு ஓடும்போது, பாதிரியார் சவரக்கத்தியால் கழுத்தை அறுத்துக்கொண்டு இறந்துகிடக்கிறார்.

அடுத்து வருவதுதான் லெ ஃபானுவின் குரூரமான நகைச்சுவை. டாக்டர் தன் நண்பருக்கு எழுதும் கடிதத்தில், இதே வகை நோயாளிகள் 57 பேருக்குத் தான் வைத்தியம் பார்த்ததாகச் சொல்கிறார். ஜென்னிங்ஸுக்கு இன்னும் வைத்தியமே ஆரம்பிக்கவில்லை, அதனால் இது கணக்கில் சேராது என்கிறார். தேநீரால் நரம்பில் ஓடும் திரவம் நிலைகுலைந்து உட்கண் திறந்துவிட்டது, குளிரவைத்த ஓடிகொலோனால் அதை மூடிவிடலாம் என்கிறார். கடைசியாக, சாவுக்குக் காரணம் குரங்கே அல்ல, பரம்பரையாக வந்த தற்கொலை வெறி என்று கோப்பை மூடுகிறார். விளக்கம் கூடக்கூட மனிதர் சிறுத்துக்கொண்டே போகிறார்.

இந்தத் தொகுப்பை நான் மதிப்பதற்குக் காரணம் இந்த விலகல். எல்லாக் கதைகளிலும் யாராவது ஒருவர் விளக்கம் வைத்திருக்கிறார். மருத்துவர், பாதிரியார், வழக்கறிஞர், பண்டிதர் எல்லோரும் விளக்குகிறார்கள். கஷ்டப்படுகிறவனுக்கு அதில் ஒன்றும் உதவுவதில்லை.

அப்படியானால் அந்த மருத்துவர் ஏற்பாடு முழு வெற்றியா?

முதல் கதையில் முழு வெற்றி. அதற்குப் பிறகு லெ ஃபானுவுக்கே அதில் அக்கறை போய்விட்டது. அடுத்த நான்கு கதைகளிலும் ஹெசீலியஸ் ஒரு பாத்திரமாக வருவதே இல்லை. உதவியாளர் ஒரு சிறு முன்னுரை எழுதி, டாக்டர் இதைப் பற்றி ஓர் ஆழமான கட்டுரை எழுதியிருக்கிறார் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அந்தக் கட்டுரைகள் நம் கண்ணில் படுவதில்லை. ‘டிராகன் வோலன்ட்’டில் ஆளை மயக்கும் மருந்துகள் வருகின்றன என்ற ஒரே காரணத்துக்காக டாக்டரின் பெயரைச் சேர்த்தது, வந்த சொந்தத்துக்காகப் பத்திரிகையில் பெயர் போட்டது போல இருக்கிறது.

உண்மையில் இவை தனித்தனியாக எழுதப்பட்டவை. ‘கிரீன் டீ’ 1869இல் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய ‘ஆல் தி இயர் ரவுண்ட்’ இதழில் வந்தது. ‘கார்மில்லா’ 1871–72இல் ‘தி டார்க் ப்ளூ’ இதழில் தொடராக வந்தது. ‘தி ஃபெமிலியர்’ 1847இலேயே ‘தி வாட்சர்’ என்ற பெயரில் வெளியான பழைய சரக்கு. ஐந்தையும் ஒரே கயிற்றில் கட்டத் தேவைப்பட்ட முடிச்சுதான் ஹெசீலியஸ். முடிச்சு வெளியே தெரிகிறது.

‘தி ஃபெமிலியர்’ ஏன் அதிகம் பேசப்படுவதில்லை?

முன்னும் பின்னும் பெரிய கதைகள் இருப்பதால் நசுங்கிவிட்டது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் டப்ளினில் நடக்கும் கதை. கடற்படையிலிருந்து வந்த கேப்டன் பார்ட்டன், எதையும் நம்பாத மனிதர். நள்ளிரவில் வீடு கட்டி முடியாத வெறுந்தெரு வழியாக நடந்து வருகிறார். பின்னால் காலடிச் சத்தம். திரும்பினால் யாரும் இல்லை. பிறகு பகலிலும் ஒரு குள்ளமான ஆள் எதிரே வந்து முறைக்கத் தொடங்குகிறான்.

பார்ட்டன் ஒரு மருத்துவரைப் பார்க்கப் போகிறார். தன் உடம்பைப் பற்றி அல்ல, வேறொன்றைக் கேட்கிறார். ஒரு மனிதனின் முகமும் வடிவமும் அப்படியே இருக்க, உயரம், அகலம் எல்லாம் ஒரே விகிதத்தில் சுருங்கிவிடக்கூடிய நோய் ஏதாவது உண்டா? மருத்துவர் சிரித்துவிடுகிறார். நமக்குத்தான் சிரிப்பு வரவில்லை. தனக்குத் தெரிந்த ஒருவன், அதுவும் செத்துப்போன ஒருவன், சற்றுச் சிறிய அளவில் திரும்பி வந்திருக்கிறான் என்பதை அந்தக் கேள்வியே சொல்லிவிடுகிறது.

அதற்குப் பின் கதை வேகம் இழக்கிறது. பாதிரியாருடன் ஒரு நீண்ட உரையாடல், பயந்து ஓடும் ஒரு பயணம், மறுபடி அதே ஆள். எழுதிய காலத்து இளமை தெரிகிறது. கடைசியில் பார்ட்டனின் பழைய பாவத்தை ஆசிரியர் ஒரு பின்குறிப்பு போல ஒப்பிக்கிறார். அது கதைக்குள்ளேயே கசிந்திருக்க வேண்டும்.

ஹார்பாட்டில் கதை?

தொகுப்பிலேயே அதிக ஆவேசம் உள்ள கதை. தூக்குத் தண்டனை கொடுப்பதில் ருசி கண்ட ஒரு லண்டன் நீதிபதி, ஒரு மளிகைக்காரனின் மனைவியைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டு, அந்த மளிகைக்காரனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றித் தூக்குக்கு அனுப்புகிறார். பிறகு ஓர் இரவு வண்டிக்குள் அவரே கைதியாகி ஒரு விசித்திர நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகப்படுகிறார். அங்கே நீதிபதி ஆசனத்தில் இருப்பவர் ஹார்பாட்டிலின் அதே முகம், அதே சிவந்த கொடூரம், உருவம் மட்டும் இரண்டு மடங்கு. பெயர் தலைமை நீதிபதி டூஃபோல்டு, அதாவது இருமடங்கர். தலைப்பில் சொன்ன கண்ணாடி இங்கேதான் முழுதாகத் திறக்கிறது. தான் பிறருக்குக் காட்டிய அதே அவசரத்தோடு, அதே கேலியோடு அவருக்குத் தீர்ப்பு சொல்லப்படுகிறது.

குறை என்று சொன்னால், கதைக்குள் நுழைய ஆகும் நேரம். உதவியாளர் சொல்ல, அவருக்கு ஒருவர் எழுத, அவருக்கு இன்னொருவர் சொன்னதாக வாசற்படிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. படியேறி உள்ளே போனால் வீடு நன்றாகவே இருக்கிறது.

‘டிராகன் வோலன்ட்’ இந்தத் தொகுப்பில் இருக்க வேண்டிய கதைதானா?

என் கருத்தில் இல்லை. 1815, வாட்டர்லூ போர் முடிந்த கையோடு, பெரும் பணத்துடன் பிரான்ஸுக்கு வரும் ஓர் இளம் ஆங்கிலேயன், முகத்திரை அணிந்த ஒரு சீமாட்டியைப் பார்த்து மதிமயங்குகிறான். அவ்வளவு பணத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு அலையும் அவன் ஏமாறப்போகிறான் என்பது முதல் சில அத்தியாயங்களிலேயே நமக்குத் தெரிந்துவிடும். அவனுக்குத் தெரிய இருபது அத்தியாயம் ஆகிறது. பேய் என்று எதுவும் இல்லை. இது ஒரு மோசடிக் கதை. நடுவில் முகமூடி விருந்து, ஜோசியம், காணாமல் போனவர்களைப் பற்றிய வதந்தி எல்லாம் தாராளமாகக் கொட்டிக்கிடக்கின்றன.

ஆனால் ஒரு காட்சிக்காக மன்னிக்கலாம். மருந்தின் வேகத்தில் அவன் உடல் முழுதும் மரத்துப்போகிறது. கண் திறந்திருக்கிறது, காது கேட்கிறது, இமையைக்கூட அசைக்க முடியவில்லை. சுற்றி நிற்பவர்கள் அவன் முன்னாலேயே அவன் சவ அடக்கத்தைப் பற்றிச் சாவகாசமாகப் பேசுகிறார்கள். பிறகு அவனைத் தூக்கிப் பெட்டியில் கிடத்துகிறார்கள். பேய் இல்லாத இந்தக் கதையில் வரும் இந்தச் சில பக்கங்கள், பேய் வரும் பக்கங்களைவிட உடம்பை அதிகமாக உலுக்குகின்றன.

‘கார்மில்லா’வுக்கு இவ்வளவு பேர் வரக் காரணம்?

பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ வெளிவந்தது 1897இல். அதற்கு 25 ஆண்டுகளுக்கு முன்பே ரத்தக்காட்டேரி என்ற கருப்பொருளுக்கு லெ ஃபானு ஒரு பெண்ணுருவம் கொடுத்துவிட்டார். ஸ்டோக்கரும் டப்ளின்காரர். அவருடைய ஆரம்பக் குறிப்புகளில் டிராகுலாவின் இருப்பிடம், கார்மில்லாவின் கதை நடக்கும் அதே ஆஸ்திரிய மாநிலமான ஸ்டிரியாவாகத்தான் இருந்தது. டிரான்சில்வேனியா பிறகு வந்தது.

ஆனால் முன்னோடி என்பதற்காக மட்டும் படிக்க வேண்டிய கதை அல்ல இது. காட்டு நடுவில் ஒரு மாளிகை. அப்பாவோடும் வேலைக்காரர்களோடும் தனியே வளரும் லாரா, வயது 19. பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாத ஏக்கம். வாசலில் ஒரு வண்டி குடை சாய்கிறது. அதிலிருந்து அழகான ஒரு பெண் இறங்குகிறாள், தங்குகிறாள். டிராகுலா எதிரி. கார்மில்லா தோழி. லாராவின் கையைப் பிடித்துக்கொள்வாள், கூந்தலை வருடுவாள், காதோரம் ஏதோ முணுமுணுப்பாள். லாராவுக்கு அவளிடம் ஈர்ப்பும் இருக்கிறது, அருவருப்பும் இருக்கிறது. இரண்டையும் அவள் ஒரே வாக்கியத்தில் ஒப்புக்கொள்கிறாள். நல்லவள் கெட்டவள் என்று கோடு கிழித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் வசதியைக் கதை நமக்குத் தருவதில்லை.

ஊர் ஊராகச் சுற்றும் கூனன் ஒருவன் வருவான். மாடி ஜன்னலில் நிற்கும் இரண்டு பெண்களையும் பார்த்து, அந்தச் சின்ன அம்மாளின் பல் ஊசிபோல நீண்டிருக்கிறதே, அரத்தால் ராவி அழகாக்கித் தருகிறேன் என்று கூவுவான். கார்மில்லா கொதித்துப்போவாள். லாராவுக்குப் புரியாது. எங்கள் வேலையை அவன் செய்துவிட்டானே என்று வாசகருக்குத் தோன்றும்.

‘கார்மில்லா’வில் குறையே இல்லையா?

இருக்கிறது, பின்பாதியில். ஜெனரல் ஸ்பீல்ஸ்டார்ஃப் என்பவர் வந்து, தான் வளர்த்த பெண்ணுக்கு நேர்ந்ததை நீளமாக விவரிக்கிறார். லாராவுக்கு நடந்தது அதேதான். நாம் ஒருமுறை பார்த்ததை இன்னொருமுறை காதால் கேட்க வேண்டியிருக்கிறது. பிறகு எங்கிருந்தோ ஒரு பிரபு வந்திறங்கிக் காட்டேரிகளின் பழக்கவழக்கங்களைப் பாடமாக நடத்துகிறார். இவர்கள் பெயரை எழுத்து மாற்றித்தான் சூட்டிக்கொள்வார்கள் என்றெல்லாம் விதி சொல்கிறார். மிர்கல்லா, மில்லார்க்கா, கார்மில்லா என்ற பெயர் விளையாட்டை வாசகர் தானே கண்டுபிடித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

இன்னொன்று, கார்மில்லாவை வண்டியில் கொண்டுவந்து விட்டுப் போன ‘தாய்’ யார் என்பதற்குக் கடைசிவரை பதில் இல்லை. இதை ஓட்டை என்பவர்கள் உண்டு. பிரபு எல்லாவற்றையும் விளக்கியதற்குப் பரிகாரமாக இதையாவது விட்டுவைத்தாரே என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இன்றைய வாசகரை உறுத்தக்கூடியது ஏதாவது?

உண்டு. அந்த வண்டி ஜன்னலிலிருந்து தலைப்பாகை கட்டிய ஒரு கறுப்பினப் பெண் எட்டிப்பார்த்து இளிப்பதாக ஒரு வருணனை. ‘பயங்கரம்’ என்று காட்டுவதற்காக மட்டுமே அவள் வருகிறாள். அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பார்வை அப்பட்டமாகத் தெரியும் இடம். அதேபோல் பெண்ணுக்குப் பெண் மீது வரும் காதலை ஆபத்தாகக் காட்டுகிறார் என்ற விமர்சனமும் நியாயம்தான். ஆனால் லாராவின் குரலில் இருக்கும் ஏக்கத்தைப் படித்தால், எழுதியவருக்கே இந்தத் தீர்ப்பில் முழுச் சம்மதம் இல்லையோ என்று ஒரு சந்தேகம் வருகிறது.

மொழி கடினமா?

வாக்கியங்கள் நீளம். அவசரப்பட்டால் பிடிகொடுக்காது. காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டதால் மூலத்தை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம்.

திரைப்படமாக வந்திருக்கிறதா?

டென்மார்க் இயக்குநர் கார்ல் டிரையரின் ‘வாம்பயர்’ (1932) இந்தத் தொகுப்பை மூலமாகக் குறிப்பிடுகிறது. கதை அச்சாக இதே அல்ல. ஆனால் சவப்பெட்டிக்குள் கண்திறந்து கிடப்பவனின் பார்வையில் ஒரு புகழ்பெற்ற காட்சி அதில் உண்டு. ‘டிராகன் வோலன்ட்’டைப் படித்தவர்களுக்கு அந்த இடம் பழகியதாகத் தோன்றும். ‘கார்மில்லா’வைத் தழுவி 1970இல் ‘தி வாம்பயர் லவர்ஸ்’ வந்தது. அது வேறு ருசி.

எந்த வரிசையில் படிப்பது?

அச்சான வரிசையை மீறுங்கள். முதலில் ‘கிரீன் டீ’. அடுத்து ‘ஹார்பாட்டில்’. பிறகு சில நாள் இடைவெளி விட்டு ‘கார்மில்லா’. பிடித்திருந்தால் ‘தி ஃபெமிலியர்’. மழைக்கால விடுமுறை போல நேரம் நிறைய இருந்தால் ‘டிராகன் வோலன்ட்’.

யாருக்கு இந்தத் தொகுப்பு ஒத்துவராது?

பக்கத்துக்குப் பக்கம் அதிர்ச்சி வேண்டும் என்பவர்களுக்கு. கதை முடிந்ததும் எல்லா முடிச்சும் அவிழ்ந்திருக்க வேண்டும் என்பவர்களுக்கும்தான். ‘கார்மில்லா’வின் கடைசியில் கல்லறையைத் தோண்டுகிறார்கள், முளையடிக்கிறார்கள், தலையை வெட்டுகிறார்கள், எரித்துச் சாம்பலை ஆற்றில் விடுகிறார்கள். சட்டப்படி எல்லாம் முடிந்துவிடுகிறது. அப்பா லாராவை இத்தாலிக்கு அழைத்துப்போகிறார். பல ஆண்டுகள் கழித்து இதை எழுதும் லாராவோ, வரவேற்பறைக் கதவருகே அந்த மெல்லிய காலடி கேட்பதாக இப்போதும் சில நேரம் தோன்றுகிறது என்கிறாள். கேட்டதும் பயந்தாளா, மகிழ்ந்தாளா என்று அவள் சொல்லவில்லை.